மூட்டுப் பொருள் சோதிக்க வரும் பிள்ளைகளுக்கு

1. வழவழப்பில் மயங்காதீர்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1958 வாக்கில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லானைத்தான் எடுத்தார். உராய்வு மிகமிகக் குறைவு. வலியில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்களால் சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்பட்டது. மறுபடி கத்தி வைக்க வேண்டியதாயிற்று. வழுக்குவது வேறு, தேயாமலிருப்பது வேறு.

2. பெரியவர் வேண்டாம் என்றாலும் ஓட்டிப் பாருங்கள். 1962-இல் நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு பிளாஸ்டிக் அங்கே வந்தது. சார்ன்லி அதை மதிக்கவில்லை. பட்டறையிலிருந்த ஹாரி கிரேவன் சும்மா விடாமல் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டினார். மூன்று வாரம் இரவுபகலாக ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. இன்றும் நாம் வைக்கும் பாலிஎத்திலீன் அந்த வம்சம்தான். (நான் வேண்டாம் என்றாலும் இதே விதிதான்.)

3. தண்ணீரில் ஓட்டிய கணக்கை என்னிடம் நீட்டாதீர்கள். தண்ணீரில் பாலிஎத்திலீன் உலோகப் பந்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குள் அப்படி நடப்பதில்லை. கன்றின் சீரம் ஊற்றுங்கள். நாறும், தவணை தவறாமல் மாற்றவும் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சுழற்சி வீதம் 50 லட்சம் சுழற்சி முடிய, நிறுத்தாமல் ஓட்டினாலே இரண்டு மாதம் பிடிக்கும். இன்னொன்று: பிளாஸ்டிக் சீரத்தைக் குடித்து எடை கூடும். நாம் தேடும் இழப்போ மில்லிகிராமில். எனவே உரசாத கிண்ணம் ஒன்றை அதே சீரத்தில், அதே சுமையில் பக்கத்திலேயே வையுங்கள். அது குடித்த எடையைக் கணக்கில் சேர்க்காமல் தேய்மானம் எழுதினால் கிழித்துப் போடுவேன்.

4. டைட்டானியக் கலவை தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்குச் சரி, பந்துக்கு ஆகாது. அதன் விறைப்பு ஏறக்குறைய 110 கிகாபாஸ்கல்; கோபால்ட்-குரோமியத்துக்கு அதைப்போல் இரு மடங்கு. தண்டு விறைக்க விறைக்கச் சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும், வேலையில்லாத எலும்பு மெலியும். உரசலில் மட்டும் டைட்டானியம் சீக்கிரம் கீறிக்கொள்கிறது.

5. பெயரை வைத்துப் பொருளை நம்பாதீர்கள். பிரான்சில் ஒரு நிறுவனம் 1998-இல் ஜிர்கோனியாப் பந்துகளைச் சுடும் உலையை மாற்றியது. பொருள் அதேதான். பந்துகள் உடலுக்குள்ளேயே உடைந்தன. 2001-இல் திரும்பப் பெற்றார்கள். அதனால் லாட் எண்ணோடு உலை விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். பாலிஎத்திலீன் என்றால் கிருமி நீக்கும் காமா கதிர் காற்றில் பட்டதா, காற்றில்லாத உறையிலா என்றும் கேளுங்கள். காற்றில் பட்டது அலமாரியில் இருக்கும்போதே ஆக்ஸிஜனேறி நொறுங்கத் தொடங்கும். கிருமி நீக்கி, செயற்கையாக முதுமைப்படுத்திய துண்டைத்தான் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும்.