பலகை காய்ந்ததா? தராசைக் கேளுங்கள்

உத்திரமேரூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் நிலைக்கும் கதவுக்கும் மரவாடியைத் தேடிப் போவதில்லை. வரப்பில் நட்ட தேக்கோ, கொல்லையில் நின்ற வேம்போ, பூவரசோ இருக்கும். வெட்டி, மில்லில் கொடுத்து அறுத்து, கொட்டகையில் போட்டு வைப்பார்கள். "ரெண்டு வருஷமா காயுது, இன்னும் என்ன காயணும்?" என்று ஆசாரியிடம் ஒப்படைப்பார்கள். கதவு மாட்டிய முதல் கோடையிலேயே பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். எத்தனை வருஷம் கிடந்தது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. எப்படிக் கிடந்தது, இப்போது உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

செய்ய வேண்டியவை

● அறுத்த அன்றே இரண்டு மூன்று பலகைகளை எடை போட்டு, எடையையும் தேதியையும் அதன் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். அதில் ஒன்றாவது அடுக்கின் நடுவில் இருக்கட்டும். ஓரத்துப் பலகைகள் எப்போதும் முந்திக் காய்ந்து நம்மை ஏமாற்றும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே பலகைகளை எடுத்து நிறுத்துப் பாருங்கள். முதலில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு நிதானிக்கும். தொடர்ந்து மூன்று தடவை அசையாமல் நின்றால், மரம் அந்தக் கொட்டகைக் காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். ஐப்பசியில் எடை மறுபடி ஏறினால் தராசைத் திட்டாதீர்கள். மழைக்காற்றின் ஈரத்தை மரம் இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

● சதவீதக் கணக்கு வேண்டுமென்றால் ஒரு பலகையை வெட்டத் துணிய வேண்டும். முனையிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, குறுக்கே ஓர் அங்குலத் துண்டு எடுங்கள். முனைத் துண்டு உதவாது. பக்கவாட்டைவிட முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாகப் போய்விடும். வெட்டிய கையோடு எடை போட்டு, கேக் சுடும் ஓவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவிடுங்கள். ஒரு நாள்கூட ஆகலாம். 228 கிராம் இருந்த துண்டு 200-ல் நின்றது என்று வையுங்கள். போன தண்ணீர் 28 கிராம். அதைக் காய்ந்த எடையான 200-ஆல் வகுத்தால் 14 சதவீதம். ஈர எடையால் வகுத்தால் 12 சொச்சம் வரும். தேறாத மரமும் தேறிவிட்ட மாதிரி தெரியும்.

● ஊசி குத்தும் ஈரமானி வைத்திருந்தால், பலகையின் மேல்தோலில் குத்தி எண்ணைப் படிக்காமல், புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் குத்துங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டு மரத்துக்கும் 20 டிகிரி வெப்பத்துக்கும் அளவு வைத்தவை. நம் சித்திரை வெயிலில் ஒன்றிரண்டு சதவீதம் கூட்டியே காட்டும். 30-க்கு மேல் காட்டும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. பச்சை மரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

● எந்த வீட்டுக்குப் போகும் மரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 287 நாட்டை ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலமாகப் பிரிக்கிறது. ஈரம் மிகுந்த மண்டலத்தில் 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமான கதவு, ஜன்னல் மரத்துக்கு 16 சதவீதமும், அதைவிட மெல்லியதற்கு 14-ம் உச்சவரம்பு. உத்திரமேரூர் ஓட்டு வீட்டுக்கு 13 வந்தால் தாராளமாக வேலையைத் தொடங்கலாம். அதே மரத்தில் அலமாரி செய்து சென்னையில் ஏசி ஓடும் அறைக்கு அனுப்பினால் 9-க்கு இறங்கும், வெடிக்கும். அதற்கு மரத்தைச் சூளையில்தான் காயவைத்து வாங்க வேண்டும்.

● அடுக்கும்போது ஒரே கனத்தில் ரீப்பர் துண்டுகளை, இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே கோட்டில் வையுங்கள். முனைகளுக்கு அன்றே பெயின்ட்.

செய்யக்கூடாதவை

● தட்டிப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். விரல் கணுவால் தட்டினால் கேட்கும் சத்தம், கன்னத்தில் வைத்தால் தெரியும் குளுமை, இழைக்கும்போது ஒடியாமல் நெளியும் சுருள் என்று ஆசாரிகள் கைவசம் நிறைய வைத்திருக்கிறார்கள். அவர் "ஈரம்" என்றால் மறுபேச்சில்லாமல் நம்பலாம். "காய்ந்தது" என்றால் மட்டும் தராசில் வையுங்கள். மேலே ஒரு நூல் காய்ந்திருந்தாலே இந்தச் சோதனைகளில் பலகை தப்பித்துவிடும்.

● ஏரிக்கரை ஓரம், மாட்டுக்கொட்டகை, வெறும் சிமென்ட் தரை, இந்த மூன்றிலும் அடுக்காதீர்கள். ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து ஆண்டதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர். ஏரி நிரம்பினால் கரையடித் தரை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

● தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த மரம் என்பதால் சோதிக்காமல் விடாதீர்கள். வேம்பையும் பூவரசையும் குளத்தில் ஊறப்போடுவது நல்ல பழக்கம், மாவுச்சத்து கரைந்து உளுப்பது குறையும். ஆனால் காயவைக்கும் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது.

● தேக்குதானே என்று அலட்சியம் வேண்டாம். சுருக்கம் குறைந்த மரம்தான். அதிலும் வளையத்தை ஒட்டி அறுத்த ஓர் அடி அகலப் பலகை, 20 சதவீதத்திலிருந்து 13-க்கு வரும்போது மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். நீளவாக்கில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் நீளத்தை அளந்து பார்த்து ஏமாறுகிறார்கள்.

● பழைய வீட்டைப் பிரித்த மரத்தில் ஆணி இருக்கும் இடத்தில் ஈரமானியைக் குத்தாதீர்கள். மருந்து ஏற்றிய மரத்திலும் அதன் எண்ணை நம்ப வேண்டாம். அங்கே ஓவன் கணக்குதான்.

● கார்த்திகை மழையில் கதவு இறுக்கிக்கொண்டது என்று உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் கோடையில் மரம் சுமார் 11 சதவீதத்தில் நிற்கும். 80-ஐத் தொடும் அடைமழையில் 15, 16-க்கு ஏறி உப்பும். அன்று இழைத்த கதவுக்கு வைகாசியில் விரல் நுழையும் சந்து விழும். வைகாசியில் செய்த கதவுக்குச் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லுங்கள். கார்த்திகையில் செய்ததற்கு அவ்வளவு தேவையில்லை. இறுக்கும் கதவில் முதலில் கீல் தொங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கீல் சரியாக இருந்தால், உரசும் இடத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு மாசி வரை பொறுங்கள். அப்போதும் உரசினால் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கோட்டளவுக்கு மட்டும் இழைக்கச் சொல்லுங்கள்.