கழுகுமலையை கேம்ல கட்டினேன், அம்மாவைக் காணோம்!



போன செமஸ்டர் லீவுல உருப்படியா ஒரு வேலை செஞ்சேன். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் கேம்ல எங்க ஊர் கழுகுமலையைக் கட்டினேன். மலை, அடிவாரத்துல முருகன் கோயில், தேரோடுற வீதிகள், மேற்கே சங்கரன்கோவில் ரோடு, கிழக்கே கோவில்பட்டி ரோடு. எல்லாம் பக்காவா வந்துச்சு. ப்ளே பட்டனை அழுத்தினேன். கார் கார் கார். ரோட்டுல இடம் கிடக்க, எல்லாரும் ஒரே லேன்ல வரிசை கட்டி நிக்கிறாங்க. ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட கார் அப்படியே மறைஞ்சு போகுது. ஒருத்தர் நடந்து வந்து, பாக்கெட்ல இருந்து எடுத்த மாதிரி ஒரு காரை எடுத்து ஓட்டிட்டுப் போறார்!

அம்மாகிட்ட காட்டினேன். அம்மா கோவில்பட்டியில ஒரு ஜவுளிக்கடையில வேலை பார்க்காங்க. தினமும் டவுன் பஸ். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "எல்லாம் சரிதாம்ல. இதுல நான் எங்க நிக்கேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்ப கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. கேம் டிசைன், சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் உங்களுக்கு ஒரு வேலை இதுல இருக்கு.

1. கேம் உள்ள மக்கள் இருக்காங்களா?

1989-ல வில் ரைட் உருவாக்கின முதல் சிம்சிட்டியில மக்களே கிடையாது. மக்கள்தொகைங்கிறது ஒரு எண், அவ்வளவுதான். டிராஃபிக் எப்படி வருதுன்னா, ஒரு வீட்டுப் பகுதியில இருந்து ரோடு வழியா கண்ணை மூடிக்கிட்டு ஒரு நடை. ஒவ்வொரு சந்திப்புலயும் திசையை ரேண்டமா எடுக்கும். 30 கட்டத்துக்குள்ள வேலை கிடைக்கிற பகுதி வந்துட்டா பயணம் வெற்றி. போன வழியில டிராஃபிக் எண் கூடும். 2008-ல இதோட கோட் மைக்ரோபோலிஸ்ங்கிற பேர்ல ஓப்பன் சோர்ஸா வந்துச்சு. நீங்களே படிச்சுப் பார்க்கலாம், சின்னதுதான்.

2013-ல வந்த சிம்சிட்டி நேர் எதிர். ஒவ்வொரு ஆளும் ஒரு ஏஜென்ட். ஆனா அந்த ஏஜென்ட்டுக்கு நிரந்தர வீடும் இல்ல, வேலையும் இல்ல. காலையில கிளம்பி, பக்கத்துல காலியா இருக்கிற வேலைக்குப் போவான். சாயங்காலம் பக்கத்துல காலியா இருக்கிற வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுவான். நேத்து யார் வீட்டுல தூங்கினோம்னே அவனுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு வெளியான புதுசுல எல்லாருமே தூரம் கம்மியான வழியையே பிடிச்சாங்க. பக்கத்துல அகலமான ரோடு காலியா கிடந்தாலும் குறுக்குச் சந்துலதான் நெரிசல்.

2015-ல பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் செஞ்ச சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்ல ஒவ்வொருத்தருக்கும் பேர், வீடு, வேலை எல்லாம் உண்டு. ஆனா ஒரே நேரத்துல வெளியே நடமாடக்கூடிய ஆட்கள் 65,536, வண்டிகள் 16,384. எண்ணைப் பார்த்ததும் புரிஞ்சிருக்குமே? 2-ன் அடுக்கு 16, 2-ன் அடுக்கு 14.

எங்க ஊர் ஒரு பேரூராட்சி. 65,536 எங்களுக்குத் தாராளம். அப்போ எண்ணிக்கை பிரச்சினையே இல்ல. ரோடு எப்படிப்பட்டது, அதுல யார் போகலாம், போறவர் எப்படி முடிவெடுக்கிறார்: இந்த மூணுலதான் சிக்கல்.

2. லேன் இல்லாத ரோடு

டிராஃபிக் சிமுலேஷனோட அரிச்சுவடி நாகல், ஷ்ரெக்கன்பர்க் ரெண்டு பேரும் 1992-ல கொடுத்த மாடல். ரோட்டை 7.5 மீட்டர் கட்டங்களா வெட்டுங்க. ஒரு கட்டத்துல ஒரு வண்டிதான். ஒவ்வொரு நொடியும் எல்லா வண்டிக்கும் நாலு விதி:

ஒண்ணு, உச்ச வேகத்துக்குக் கீழே இருந்தா வேகத்தை ஒண்ணு கூட்டு.
ரெண்டு, முன்னாடி இருக்கிற காலிக் கட்டங்களைவிட வேகம் அதிகமா இருந்தா, அந்த அளவுக்குக் குறை.
மூணு, அப்பப்போ ரேண்டமா ஒண்ணு குறை. மனுஷன் சும்மாவே பிரேக் போடுவான்ல, அதுக்காக.
நாலு, அந்த வேகத்துக்கு நகரு.

இவ்வளவுதான், முப்பது வரி பைத்தான். கழுகுமலையில இருந்து கோவில்பட்டி சுமார் 20 கிலோமீட்டர், அதாவது 2,667 கட்டம். வண்டிகளை நிரப்பி ஓட்டினா விபத்து, சிக்னல் எதுவும் இல்லாமலே நெரிசல் தானா பிறந்து பின்பக்கமா நகர்ந்து போறதைப் பார்க்கலாம். மூணாவது விதியை எடுத்துட்டா அந்தத் திடீர் நெரிசல் காணாம போயிடும்.

ஆனா எங்க ரோட்டுல ஒரு கட்டத்துக்கு ஒரு வண்டியா? ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி நாலு பைக் பக்கம் பக்கமா வரும். ட்ராக்டர் ட்ரெய்லர் ஒண்ணு நடு ரோட்டுல ஆடி ஆடிப் போகும். அறுவடை சமயத்துல ரோட்டுல பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருப்பாங்க. கரிசக்காட்டுல தார் ரோடு ஒரு களம்கூட. இதையெல்லாம் லேன் மாடல் பார்க்காது.

இதுக்கான பதில் நம்ம பக்கத்துலயே இருக்கு. சென்னை ஐஐடியில தமிழரசன், கோஷி ரெண்டு பேரும் 2005-ல வெளியிட்ட ஆய்வுல லேனையே தூக்கிட்டாங்க. முழு ரோட்டையும் ஒரே பரப்பா எடுத்து, ஒவ்வொரு வண்டியையும் அதன் நீள அகலத்தோட ஒரு செவ்வகமா வெச்சாங்க. இடம் இருந்தா நுழையலாம். ஜெர்மனியோட சுமோங்கிற ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர்லயும் இப்போ சப்லேன் மாடல் உண்டு.

கேமுக்கு இதை எளிமையா செய்யலாம். 7 மீட்டர் ரோட்டை அரை மீட்டர் பட்டையா வெட்டினா 14 பட்டை. பைக்குக்கு ரெண்டு, பஸ்ஸுக்கு அஞ்சு. மக்காச்சோளம் காயுதா? ஏழு பட்டையை மூடிடுங்க. அவ்வளவுதான், எங்க ஊர் அறுவடை மாசம் ரெடி.

எந்த வண்டி எவ்வளவு இடம் அடைக்குதுன்னு இந்தியச் சாலைக் காங்கிரஸ் கிராமப்புற ரோடுகளுக்கு 1990-லயே ஒரு பட்டியல் கொடுத்திருக்கு. கார் 1, பைக் 0.5, பஸ் அல்லது லாரி 3, ட்ராக்டர் ட்ரெய்லர் 4.5, மாட்டுவண்டி 8. மெதுவா போற வண்டி ரோட்டை அதிக நேரம் பிடிச்சுக்கும், அதனாலதான் மாட்டுவண்டிக்கு இவ்வளவு. இப்போ ஆள் கணக்கு போடுங்க. ரெண்டு பேர் போற கார்ல ஒரு யூனிட்டுக்கு 2 பேர். 60 பேர் போற பஸ்ல ஒரு யூனிட்டுக்கு 20 பேர். கேம் திரையில கார்தான் கண்ணுக்குத் தெரியுது, ஊர் நகர்றது பஸ்ல.

3. ரோடு எல்லாருக்கும் திறந்திருக்கா?

பாத்ஃபைண்டிங்ல ஊர்ங்கிறது ஒரு கிராஃப். சந்திப்பு நோடு, தெரு எட்ஜ். 1959-ல டைக்ஸ்ட்ரா வெளியிட்ட அல்காரிதமோ, 1968-ல வந்த ஏ-ஸ்டாரோ, செலவு கம்மியான வழியைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கும். நாம வழக்கமா எட்ஜுக்கு நீளம் மட்டும் எழுதுவோம். அந்தத் தெரு யாருக்கு, எப்போ திறந்திருக்குன்னும் எழுதணும்.

பங்குனி உத்திரம் அன்னைக்கு எங்க ஊருக்கு வந்து பாருங்க. தேர் போற வீதியில வண்டி போக முடியாது. சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து காவடியோட நடந்தே வருவாங்க. ஸ்கைலைன்ஸ்ல வண்டி கிளம்பும்போதே முழு வழியையும் முடிவு பண்ணிடும். நடுவுல நெரிசலைப் பார்த்து மாத்தாது. எங்க ஊர்ல தேர் ஒரு முக்குல நின்னுட்டா, அடுத்த நிமிஷம் சங்கரன்கோவில் பஸ்காரருக்குச் சேதி போயிருக்கும். அதனால எட்ஜுக்கு நேர அட்டவணை ஒண்ணும், ஏஜென்ட்டுக்கு நடுவழியில மறுபடி யோசிக்கிற வசதியும் வேணும்.

இதே வீதிகளுக்கு இன்னொரு வரலாறும் இருக்கு. யார் ஊர்வலம் இந்த வீதிகள்ல போகலாங்கிற சாதித் தகராறு நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தப்போ அது கலவரமா வெடிச்சு உயிர்கள் போயின. கிராஃப் தியரியில எட்ஜ் எல்லாருக்கும் பொது. ஊர்ல அப்படி இருந்ததில்ல. 'எல்லாரும் எல்லா வழியிலயும் போகலாம்'னு கோட் எழுதும்போது, அது ஒரு அனுமானம்னு தெரிஞ்சே எழுதுங்க.

4. அம்மா எப்படி முடிவெடுக்காங்க?

தெரு திறந்திருந்தாலும் போறதுக்கு நேரமும் காசும் வேணும். 2023-ல வந்த ஸ்கைலைன்ஸ் ரெண்டாம் பாகத்துல வழி தேர்வு நேரம், பணம், சௌகரியம், நடத்தைன்னு நாலை வெச்சு நடக்குது. நல்ல முன்னேற்றம். நாம நேரத்தையும் பணத்தையும் மட்டும் எடுத்து ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வெச்சது.

மொத்தச் செலவு = நிமிஷம் × ஒரு நிமிஷத்தின் மதிப்பு + ரூபாய்

கோவில்பட்டி போக மூணு வழி. பைக்: 30 நிமிஷம், 40 ரூபாய் பெட்ரோல். டிக்கெட் பஸ்: காத்திருப்பு சேர்த்து 45 நிமிஷம், 20 ரூபாய். டவுன் பஸ்: காத்திருப்பு 25, பயணம் 50, மொத்தம் 75 நிமிஷம். 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால 0 ரூபாய்.

நல்ல சம்பளக்காரர் ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் 2 ரூபாய்னு வைப்போம். பைக் 60 + 40 = 100. டிக்கெட் பஸ் 90 + 20 = 110. பைக்ல கிளம்பிடுவார்.

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் 50 காசு. பைக் ஓட்டத் தெரிஞ்சாலும் 15 + 40 = 55. டிக்கெட் பஸ் 22.50 + 20 = 42.50. டவுன் பஸ் 37.50 + 0 = 37.50. அம்மா டவுன் பஸ்தான். நிஜத்துலயும் அதேதான்!

இப்போ டவுன் பஸ் நேரம் 75-ல இருந்து 85 நிமிஷம் ஆகட்டும். செலவு 42.50, டிக்கெட் பஸ்ஸுக்குச் சமம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாமதமானாலும் அம்மா டிக்கெட் எடுப்பாங்க. போக வர 40 ரூபாய், மாசம் 25 நாள், மொத்தம் 1,000 ரூபாய். பஸ் ஃப்ரீதான். ஆனா பத்து நிமிஷத் தாமதத்துல அந்த ஃப்ரீ காணாம போயிடும். சலுகை அறிவிச்சா போதுமா, பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருதுன்னு பார்க்கணுமா? இந்தச் சின்ன மாடலே பதில் சொல்லுது.

5. யாரோட நேரம் மலிவு?

இங்கதான் நான் வழுக்கி விழுந்தேன். உங்களையும் உஷார்படுத்திடுறேன்.

ஊர் பட்ஜெட்ல ஒரு திட்டத்துக்குத்தான் காசு இருக்கு. பைபாஸ் போட்டா பைக்காரருக்கு 10 நிமிஷம் மிச்சம், 10 × 2 = 20 ரூபாய் லாபம். கூடுதலா ஒரு டவுன் பஸ் விட்டா அம்மாவுக்கு 20 நிமிஷம் மிச்சம், 20 × 0.50 = 10 ரூபாய் லாபம். என் புரோகிராம் பைபாஸைத் தேர்ந்தெடுத்துச்சு. அம்மாவுக்கு மிச்சமாகிறது ரெண்டு மடங்கு நிமிஷம், ஆனா கணக்குல பாதி மதிப்பு.

தப்பு எங்க? அந்த 50 காசு, அம்மாகிட்ட எவ்வளவு பணம் இருக்குன்னுதான் சொல்லுது. அவங்க நேரம் மலிவுன்னு சொல்லல. ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வர்றதும் எட்டு பத்துக்கு வர்றதும் ஒண்ணா என்ன?

அதனால ரெண்டு எண் வேணும். ஒரு ஆள் என்ன செய்வார்னு ஊகிக்க அவரவர் மதிப்பு. எந்தத் திட்டம் நல்லதுன்னு தீர்ப்பு சொல்ல எல்லாருக்கும் ஒரே மதிப்பு. பிரிட்டன்ல அரசுச் சாலைத் திட்டங்களை மதிப்பிடும்போது, வேலை சாராத பயணங்களுக்கு வருமானம் பார்க்காம பொது மதிப்பு வைக்கிற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. நம்ம கணக்குல நிமிஷத்துக்கு 1 ரூபாய்னு எல்லாருக்கும் வெச்சா பைபாஸ் 10, டவுன் பஸ் 20. தீர்ப்பு தலைகீழ்!

ஒரே ஒரு எண்தான் மாறுச்சு. நாளைக்கு நம்மள்ல சிலர் கேம் செய்வோம், சிலர் நிஜ ஊருக்கே சிமுலேஷன் போடுற வேலைக்குப் போவோம். ரெண்டு இடத்துலயும் அந்த எண்ணை யாரோ ஒருத்தர் டைப் பண்ணித்தான் ஆகணும். அது நாமளா இருந்தா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களை நினைச்சுக்கிட்டு டைப் பண்ணுவோம்.

6. நீங்களும் செஞ்சு பாருங்க

ஒண்ணு: மேல சொன்ன நாலு விதியை பைத்தான்ல எழுதுங்க. 200 கட்டம் கொண்ட வட்ட ரோடு, 40 வண்டி. மூணாவது விதியோட வாய்ப்பை 0, 0.2, 0.5-னு மாத்திப் பாருங்க.

ரெண்டு: உங்க ஊர் ஸ்டாப்ல ஒரு மணி நேரம் நின்னு போற வண்டிகளை எண்ணுங்க. யூனிட் கணக்கு ஒரு பக்கம், ஆள் கணக்கு ஒரு பக்கம்.

மூணு: உங்க வீட்டுல பஸ்ல போற ஒருத்தர்கிட்ட, 'எவ்வளவு நேரம் வரைக்கும் காத்திருப்பீங்க, எப்போ வேற வண்டி ஏறுவீங்க?'ன்னு கேளுங்க. அவங்க சொல்ற நிமிஷத்தை வெச்சு அவங்களோட நேர மதிப்பைப் பின்னோக்கிக் கண்டுபிடிங்க. எனக்கு அம்மா சொன்ன பதில்ல இருந்துதான் அந்த 50 காசு வந்துச்சு.

இப்போ என் சின்ன புரோகிராம்ல கழுகுமலை பஸ் ஸ்டாப்ல ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. அம்மாகிட்ட காட்டினேன். "சரி, நிக்கேன். பஸ்ஸு எப்பம்ல வரும்?"

அதுக்குத்தான் அடுத்த வெர்ஷன் எழுதிட்டு இருக்கேன்.