பெருந்தொற்றும் பங்குச்சந்தையும்

பங்கு என்பது ஒரு தொழிலில் நமக்குரிய கூறு. அதன் விலையோ, அத்தொழிலின் நாளைய வருவாயைப் பற்றிப் பலர் கொள்ளும் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புக் குலையுமிடத்து விலையும் குலையும். இவ்வுண்மையைக் கொரோனாப் பெருந்தொற்று நமக்கு நன்கு உணர்த்திற்று.

2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டெண்ணாகிய சென்செக்ஸ் 3,934 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு வீழ்ந்து 25,981இல் நின்றது. வீழ்ச்சி 10 விழுக்காட்டைத் தொட்டதும் வணிகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. எனினும் அச்சம் தணியவில்லை.

வளரும் நாடுகளுக்கு உரிய இடர் ஒன்று உண்டு. நெருக்கடி வருங்கால் அயல்நாட்டு முதலீட்டாளர் தம் பணத்தை மீட்டு டாலரை நாடுவர். பங்குவிலையோடு ரூபாயின் மதிப்பும் சரியும். அம்மாதத்தில் இரண்டும் நிகழ்ந்தன.

மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 5.15 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகக் குறைத்தது. பிற நாட்டு மைய வங்கிகளும் பணப்புழக்கத்தைப் பெருக்கின. 2021 சனவரி 21இல் சென்செக்ஸ் 50,000ஐத் தொட்டது. ஆயினும், 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியிருந்தது. சந்தை நாளையை எண்ணியது. நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளியோ அன்றைய பசியை எண்ணினான். ஆகவே குறியீட்டெண் ஒன்றே நாட்டு நலனின் அளவுகோல் ஆகாது.

ஊரடங்கில் கைப்பேசி வழியே இளைஞர் பலர் இச்சந்தையில் நுழைந்தனர். தொழிலறிந்து இலாப நட்டங்களில் பங்கேற்பது வாணிகம். விலையின் அசைவை மட்டும் நம்பிப் பணம் வைப்பது சூது. வள்ளுவர் சூதைக் கடியத் தனி அதிகாரமே வகுத்தார். திருக்குர்ஆன் வாணிகத்தை ஆகுமாக்கிச் சூதை விலக்கிற்று. மாணவச் செல்வங்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்து தெளிவார்களாக!