உருகிக் காக்கும் இழை

1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. அன்றைய வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் மரச்சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை. நெருக்கமாக நின்ற அந்தக் கூரைகளில் தீ தாவித் தாவிச் சென்று நகரையே அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என 1884-இல் கட்டளையிட்டார். செங்கல் தேவை பெருகியது. சூளைகள் எரிந்த பகுதியின் தொழில், பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரில் இன்றும் தங்கியிருக்கிறது.

இன்று அதே பிரிக்பீல்ட்ஸில் நிமிர்ந்து பார்த்தால் தெரிபவை கான்கிரீட் கட்டடங்கள். கிள்ளான் வரையிலும் அடுக்குமாடிகள், பாலங்கள், இரயில் நிலையங்கள் எல்லாம் கான்கிரீட்டை நம்பியே நிற்கின்றன. கான்கிரீட் எரிவதில்லை, வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகிறது. ஆனால், எரியாத பொருள் தீயால் கெடாது என்று எண்ணிவிடக் கூடாது.

கெட்டியாகக் காய்ந்த கான்கிரீட்டினுள்ளும் நுண்துளைகளில் நீர் இருக்கிறது. தீயின் வெப்பம் தாக்கும்போது அந்நீர் ஆவியாகி விரிகிறது. வெளியேற வழி இருந்தால் தொல்லையில்லை. வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, மேற்பரப்பு துண்டு துண்டாக வெடித்துச் சிதறும். வாணலியில் சோளம் பொரிவதும் ஏறத்தாழ இப்படித்தான். மேற்பகுதி உதிர்ந்ததும் உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகள் நேரடியாகத் தீயில் படும். சுமார் 600 பாகை செல்சியசில் எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் பின்பற்றப்படும் தரமுறைத் தீச்சோதனையில் உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 945 பாகையை எட்டுகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால் ஆபத்து விளங்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. கான்கிரீட் எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு நெருக்கமானது, நுண்துளைகள் குறைவு, ஆவி வெளியேறுவதும் கடினம். எனவே, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் போன்ற உயர்கட்டடங்களைத் தாங்கும் உயர்வலிமைக் கான்கிரீட்டுக்கே, சாதாரணக் கான்கிரீட்டைவிட இந்த வெடிப்பு அபாயம் அதிகம். பொறியாளர்கள் அதற்கெனத் தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

1996 நவம்பரில் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கடியில் இணைக்கும் சுரங்கத்தில், லாரிகளை ஏற்றிச் சென்ற இரயில் தீப்பற்றியது. உயிரிழப்பு இல்லை. ஆனால், சுரங்கத்தின் கான்கிரீட் உட்சுவர் நெடுந்தொலைவுக்கு உதிர்ந்து மெலிந்துபோனது. அதன்பின் இலண்டனுக்கும் அச்சுரங்கத்திற்கும் இடையே அமைந்த புதிய இரயில் பாதையின் சுரங்கச் சுவர்களில் இருவகை இழைகள் கலக்கப்பட்டன: எஃகு இழையும், பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி இழையும்.

எஃகு இழையின் பணி எளிதில் புரிவது. விரிசல் விழும்போது இருபுறமும் பற்றி இழுத்து நிறுத்தும். மண்சுவருக்கு வைக்கோல் கலந்து பிசைந்த நம் முன்னோரும் இதையே செய்தனர். ஆனால், எஃகு இழை மட்டும் ஆவியின் அழுத்தத்தைத் தணிக்காது. அங்கேதான் நெகிழி இழை உதவுகிறது. தலைமுடியைவிட மெல்லிய அது, ஏறக்குறைய 165 பாகையிலேயே உருகிவிடுகிறது. உருகிய இடத்தில் நுண்ணிய வழிகள் திறக்கின்றன. ஆவி அவற்றின் வழியே தப்புகிறது. தான் அழிந்து வழிவிடும் இவ்விழையைத் தீத்தடுப்புப் பொருள் என்று யார்தான் எண்ணியிருப்பார்?

தேவைப்படும் அளவோ மிகச் சிறிது. ஒரு கனமீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ எடையுள்ளது. உயர்வலிமைக் கான்கிரீட்டில் அதற்கு 2 கிலோ இழை சேர்ப்பது ஐரோப்பிய நெறிமுறை கூறும் வழிகளுள் ஒன்று. கூடுதலாகக் கொட்டினால் நன்மை கூடும் என்பதில்லை. கலவை இறுகி, கம்பிகளுக்கிடையே சரியாக இறங்காது. உள்ளே வெற்றிடங்கள் விழும்.

இழை சேர்ப்பதால் கான்கிரீட் சூடேறாமல் இருந்துவிடாது. கம்பிகளின்மீது போதிய கான்கிரீட் உறை வேண்டும். தூணும் தளமும் போதிய பருமனில் இருக்க வேண்டும். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களும் கட்டடத்தின் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப, அதன் பாகங்கள் எவ்வளவு நேரம் தீயைத் தாங்க வேண்டும் என வரையறுக்கின்றன. அந்த நேரத்திற்குள்தான் மாடியிலிருப்போர் படியிறங்க வேண்டும்; தீயணைப்பு வீரர்கள் அதே கூரையின்கீழ் உள்ளே நுழைய வேண்டும்.

தீ அணைந்த பிறகு பொறியாளர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், நிறத்தையும் கவனிப்பார்கள். ஏறத்தாழ 300 பாகையைக் கடந்த கான்கிரீட், அதிலுள்ள கற்களின் தன்மையைப் பொறுத்து, இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அந்தச் சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்தபின்னரே, கட்டடத்தைச் செப்பனிடுவதா இடிப்பதா என்று முடிவு செய்வார்கள்.