பிரிக்கும் முன் அளந்து பார்!
(பழைய கார் இன்ஜினைச் சொந்தக் கையால் பராமரிக்க ஒரு பாடம்)

மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



ஆட்டோமொபைல் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், ஊரில் ஆளாளுக்கு நம்மிடம் வண்டியைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். "தம்பி, வண்டி இழுக்க மாட்டேங்குது, என்னன்னு பாருப்பா" என்பார்கள். உடனே நம் கை ஸ்பேனரைத் தேடும். இந்தக் கட்டுரை ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். சித்தப்பா பழைய ஆம்னி வேன் ஒன்று வைத்திருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சாமான் ஏற்றிப் போவதும், வரும்போது கடுக்காய், புளி ஏற்றி வருவதும்தான் அவர் பிழைப்பு. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அந்த வேன் மலை ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினார். கேஜ் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. "இன்ஜின் இறக்கி போர் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். சித்தியின் செயின் அடகுக்குப் போனது. 22 ஆயிரம் ரூபாய் செலவாகி வண்டி வெளியே வந்தது. வந்தும் ஏற்றத்தில் இழுக்கவில்லை! பிறகு வேறு ஊரில் ஒருவர் பார்த்தார். ஏர் கிளீனர் அடைத்திருந்தது, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தது. அரை நாள் வேலை. செயின் இன்றுவரை வீட்டுக்குத் திரும்பவில்லை.

இன்ஜினைப் பிரிப்பது நமக்கு ஒரு பிராக்டிகல். வண்டிக்காரருக்கு அது ஒரு வருஷத்துச் சேமிப்பு. ஆகவே பிரிக்கச் சொல்லுமுன் அளந்து பார்க்க வேண்டும். அதை ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன்.

லேபில் இருக்கும் உறவுக்காரன்

கள்ளக்குறிச்சியில் ஏது ஸ்போர்ட்ஸ் கார் என்று சிரிக்க வேண்டாம். நம் லேபில் கழற்றி மாட்டப் பழகும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இன்ஜின், உலகப் புகழ் பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்கு அண்ணன் முறை!

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1953-ல் ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்காக 803 சி.சி.யில் ஒரு நாலு சிலிண்டர் இன்ஜின் செய்தது. அதே அமைப்பு வளர்ந்து 948 சி.சி. ஆகி, 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டில் ஏறியது. 1147 சி.சி.யாகி, இரண்டு கார்புரேட்டருடன் 1962-ல் ஸ்பிட்ஃபயரில் ஏறியது. இரண்டு காருக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலொட்டி. நம் ஊரில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. சோழவரம் பழைய விமானத் தளத்தில் நடந்த ரேஸ்களில் இந்த ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன.

அண்ணன் முறை என்று சொன்னதைக் கணக்கிலேயே பார்க்கலாம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான். போர் மட்டும்தான் வேறு. ஹெரால்டுக்கு 63 மி.மீ., முதல் ஸ்பிட்ஃபயருக்கு 69.3 மி.மீ. போரின் வர்க்கத்தை 0.7854 ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, நாலு சிலிண்டருக்கும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது சுமார் 948 சி.சி., இரண்டாவது சுமார் 1147 சி.சி. வரும். பாடப் புத்தகத்தில் படித்த ஸ்வெப்ட் வால்யூம் இதுதான்.

சொந்தக் கையால் வேலை பார்க்க இந்த இரண்டு காரும் மிக வசதி. முன்பக்க பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினைச் சுற்றி வேலை பார்க்கலாம். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

ஒரு நோயாளி வந்தார்

எங்கள் பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஹெரால்ட் வைத்திருக்கிறார். இந்த வருஷம் அது ஐடிலிங்கில் குலுங்கியது, சைலன்ஸரில் 'பட் பட்' என்று தட்டியது, மேடு வந்தால் பிக்கப் இல்லை. "இன்ஜின் இறக்கணும்" என்று அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். லேப் ஆசிரியரின் அனுமதியோடு நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

1. கேளுங்கள், முகருங்கள், பாருங்கள். வண்டி எப்போது முதல் இப்படி, சூடானால் கூடுகிறதா குறைகிறதா, கடைசியாக எதை மாற்றினார்கள் என்று ஓட்டுபவரைக் கேளுங்கள். புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. இந்தக் காரில் மூன்றும் இல்லை.

2. பிளக்கைப் படியுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்ல எரிதல். காய்ந்த கரி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். ஆயில் பிசுக்கு என்றால் ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகிக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம். இங்கே மூன்று பிளக் பழுப்பு, மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் கருப்பு. பிளக் கேப் 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ.

3. கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, இக்னிஷன் காயிலின் லோ டென்ஷன் ஒயரைக் கழற்றி வையுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கம் போதும். எங்களுக்கு வந்த ரீடிங் 118, 115, 70, 116 பி.எஸ்.ஐ. எண் பெரிதாக இருப்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். மூன்றாம் சிலிண்டர் மாட்டிக்கொண்டது!

4. ஒரு ஸ்பூன் ஆயில். குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அதனால் ரீடிங் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். எங்களுக்கு 70 என்பது 74 ஆனது, அவ்வளவுதான். ஆகவே போரிங் தேவையில்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மீதி வால்வு.

5. ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பெட். இதைச் சூடாக இருக்கும்போது பார்க்கக் கூடாது. மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ராக்கர் கவரைத் திறந்தோம். இந்த இன்ஜினுக்கு இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் கேப் 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. எந்த வால்வை எப்போது அளப்பது? ஒன்பதாம் வாய்ப்பாடு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து எட்டு வால்வுக்கும் எண் போடுங்கள். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை 9-லிருந்து கழியுங்கள். மீதி எண்ணுள்ள வால்வை அளக்கலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, நாலாவது திறந்திருந்தால் ஐந்தாவது.

இது மந்திரம் இல்லை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. முதல் சிலிண்டரும் நாலாவதும் ஒரே உயரத்தில் ஏறி இறங்கும், ஆனால் கிராங்க் ஷாஃப்டின் ஒரு முழுச் சுற்று வித்தியாசத்தில் வேலை செய்யும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஒன்றின் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் அதன் ஜோடி வால்வு நிச்சயமாக மூடியிருக்கும்.

ஐந்தாவது வால்வில், அதாவது மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்டில், ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. கேப் பூஜ்யம். வால்வு சீட்டில் முழுக்க உட்காராமல் அழுத்தம் கசிந்துகொண்டிருந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவைத் திருப்பி, இதழ் லேசாகப் பிடித்து நகரும்படி வைத்து, நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்தோம். இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் இந்தக் கடைசி அளவு கட்டாயம். பிறகு சூடாக்கிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டர் 112! குலுக்கல் போச்சு. செலவு ராக்கர் கவர் கேஸ்கெட் ஒன்றுதான்.

6. பாயிண்ட், கடைசியில் கார்புரேட்டர். சி.பி. பாயிண்ட் கேப் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்துப் பாருங்கள். பாயிண்ட் கேப் மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே முதலில் கேப், பிறகு டைமிங். எல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர் ஸ்குரு. பலர் இதைத்தான் முதலில் திருகுகிறார்கள். பிறகு எந்தக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போய்விடும்.

கேப் ஏன் மூடியது?

சரி செய்ததோடு விட்டுவிடக் கூடாது. டேப்பெட் தேய்ந்தால் கேப் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறைந்தது? காரணம் பெட்ரோலில் இருக்கிறது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து பாதுகாத்தது. உடல்நலத்துக்குக் கேடு என்பதால் 2000-ல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு, வால்வு மேலே ஏறிப் போகும். வால்வு ஏறினால் கேப் மூடும். ஆகவே இந்தக் காருக்கு அடிக்கடி டேப்பெட் பார்க்கச் சொன்னோம். என்றைக்காவது ஹெட் கழற்றினால் கடினப்படுத்திய சீட் இன்ஸர்ட் போடச் சொல்லி எழுதியும் கொடுத்தோம்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மிருதுவாகி, வெடித்துக் கசியும். சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீதான். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள்.

இந்த இன்ஜினுக்கே உரிய இன்னொரு சோதனை கிளட்சில் இருக்கிறது. கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்னால் தள்ளப்படும். அதைத் தாங்குவது பிறை வடிவ திரஸ்ட் வாஷர்கள். ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, இன்ஜின் ஓடாதபோது முன் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் உடனே சம்ப் கழற்றிப் பார்க்க வேண்டும். வாஷர் தேய்ந்து விழுந்துவிட்டால் கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கையே தின்றுவிடும். இங்கே பிரிக்கச் சொல்வதுதான் நேர்மை. அளந்து பார்ப்பது செலவைத் தவிர்க்க மட்டுமில்லை, செலவு செய்ய வேண்டிய இடத்தைக் காட்டவும்தான்.

மறக்கக் கூடாதவை

பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கையோ செங்கல்லையோ நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது ஃபேன் பக்கம் கையோ லுங்கி முனையோ போகக் கூடாது. வடித்த பழைய ஆயிலைக் கிணற்றோரத்திலும் கோமுகி வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு ரீடிங்கையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே காரை அளக்கும்போது அந்த நோட்டு பேசும்.

பட்டறை அண்ணன்மார்களுக்குக் காது கேஜ். இருபது வருஷம் வண்டியோடு இருந்து சம்பாதித்த காது அது. நமக்கு அந்தக் காது வர இன்னும் காலம் ஆகும். அதுவரை நம்மிடம் இருப்பது ஃபீலர் கேஜும் கம்ப்ரஷன் கேஜும்தான்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு நிதியில் ஒரு கம்ப்ரஷன் கேஜ், இரண்டு ஃபீலர் கேஜ், ஒரு பெரிய நோட்டு வாங்கி வைப்போம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லேப் ஆசிரியரின் மேற்பார்வையில், மலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வரும் வண்டிகளை இலவசமாக அளந்து ரீடிங்கைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். ரிப்பேர் அவரவர் விருப்பப்பட்ட பட்டறையில் பார்த்துக்கொள்ளட்டும். கையில் அந்தச் சீட்டு இருந்தால், "போர் போடணும்" என்று யார் சொன்னாலும் "எந்த சிலிண்டர், எத்தனை பி.எஸ்.ஐ.?" என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். பெயர் கொடுக்க விரும்பும் நண்பர்கள் எங்கள் வகுப்புக்கு வாருங்கள்.