பேச்சில்லாத சோதனையும் நாலு வயதுக் குழந்தையும்

நம்பிக்கை: பேசத் தேவையில்லாத அறிவுத்திறன் சோதனையில் மொழி, ஊர், வளர்ப்பு எதுவும் குறுக்கே வராது.

உண்மை: புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த வடமாநிலக் குடும்பத்தில் இந்தி மட்டும் கேட்டு வளரும் குழந்தையிடம் தமிழில் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது அநியாயம். காது கேளாத குழந்தைக்கும் அப்படியே. இவர்களுக்குச் சைகையிலேயே நடத்தக்கூடிய சோதனைகள் பெரிய உதவி. ஆனால் மொழியை விலக்கினால் பழக்கமும் விலகிவிடாது.

செகுவின் பலகையை எடுத்துக்கொள்வோம். நட்சத்திரம், வட்டம், சிலுவை என்று பத்து மரக்கட்டைகள். ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, ஆகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் கொள்வார்கள். வீட்டில் இதுபோன்ற பொம்மை இருக்கும் குழந்தைக்குக் கை தானாகப் போகும். முதல்முறை பார்க்கும் குழந்தை கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்; அதற்குள் நொடிகள் ஓடிவிடும். விரல்பிடி சரியாக வராத குழந்தைக்கும் அதே கதிதான். குறைந்தது அறிவா, பழக்கமா, கைவேகமா என்று அந்த நேரக்கணக்கு சொல்லாது.

இன்னும் வலுவான சான்று உண்டு. வடிவங்களை மட்டுமே காட்டும் ராவன் வகைச் சோதனையில் நெதர்லாந்து இளைஞர்களின் மதிப்பெண் 1952 முதல் 1982 வரை சுமார் 20 புள்ளி உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1987-இல் எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டுகளில் பிறவி மூளை மாறிவிடாது, மாறியது வாழ்க்கை.

நம்பிக்கை: ஒரே சோதனை எல்லா வயதுக்கும் போதும்.

உண்மை: ராவனின் வண்ணப்பட வடிவம் 5 வயதிலிருந்துதான். நம் நாட்டின் பாட்டியா சோதனை 11 வயதுக்கு மேல். மூன்று வயதுக் குழந்தையிடம் இவற்றை நீட்டுவதில் பொருளில்லை.

நம்பிக்கை: இப்போது வரும் எண்தான் கடைசிவரை.

உண்மை: மூன்று, நான்கு வயதில் பசி, தூக்கம், புது முகத்தைக் கண்ட மிரட்சி எல்லாம் மதிப்பெண்ணைப் பிடித்து இழுக்கும். ஐந்து வயதுக்குள் அறிவுத்திறன் குறைபாட்டின் அளவை உறுதியாகக் கணிக்க முடியாதபோது 'வளர்ச்சித் தாமதம்' என்று குறித்து, பிறகு மறுபடி மதிப்பிட வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு. அதுவரை பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கு எண் தேவையே இல்லை.

ஆகவே பெற்றோர் தயங்காமல் கேளுங்கள்: இது எந்தச் சோதனை? எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டீர்கள்? குழந்தை வீட்டில் தானாகச் சாப்பிடுகிறதா, மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுகிறதா என்று விசாரித்தீர்களா? காதும் கண்ணும் பார்த்தாகிவிட்டதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், முதலில் ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் அவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். அறிவுத்திறன் சோதனை அதற்குப் பிறகு.