‘ஜூலை 31’னு ஆப்ல போட்டா ஐடிஆர் ஃபைல் ஆகிடுமா?

2024 ஜூலை 31, ராத்திரி 10 மணி. ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு தம்பி போன் பண்ணார். “சார், டு-டு ஆப்ல போட்டுத்தான் வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் நோட்டிஃபிகேஷன் வந்துச்சு.”

ஃபார்ம் 16 கையில இருந்தது. ஆனா ஏஐஎஸ்ல அவர் மறந்தே போன எஃப்டி வட்டி, எங்கேயோ கிடக்கிற வாடகை ரசீது… 12 மணி தாண்டிடுச்சு. தாமதக் கட்டணம் 5,000 ரூபாயோட போச்சேன்னு நினைக்காதீங்க (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000). சம்பளக்காரங்க கெடு தாண்டி ஃபைல் பண்ணா பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவரோட எச்ஆர்ஏ, 80சி எல்லாமே போச்சு!

அவர் சோம்பேறி இல்லை. ஆப்ல இருந்தது ஒரே ஒரு தேதி, அதுவும் அரசாங்கத்தோட தேதி. வேலையை என்னைக்கு செய்யப் போறோம்ங்கிற தேதி எங்கேயுமே இல்லை.

திங்ஸ் ஆப்ல இது ரெண்டும் தனித்தனி: ‘வென்’, ‘டெட்லைன்’. ‘வென்’ல போட்ட நாள் வந்ததும் வேலை ‘டுடே’ லிஸ்ட்டுக்கு வந்துடும். டோடோயிஸ்ட்லயும் தேதி வேற, டெட்லைன் வேற. மைக்ரோசாஃப்ட் டு டு-ல ட்யூ டேட், ரிமைண்டர், ‘மை டே’ன்னு மூணு இருக்கு. ‘மை டே’ தினமும் ராத்திரி காலியாகிடும். இன்னைக்கு எதைச் செய்யப் போறோம்னு காலைல நீங்கதான் எடுத்துப் போடணும். உங்க ஆப்ல ஒரே தேதிதான்னா, வேலை செய்யற நாளை அதுல போடுங்க. கெடுவைத் தலைப்புலயே எழுதிடுங்க: “ஐடிஆர் – கடைசி ஜூலை 31”.

ஒரே டாஸ்க்கா போடாதீங்க. ஃபார்ம் 16ஐ கம்பெனி ஜூன் 15க்குள்ள தரணும். அதனால ஜூன் மூணாவது சனிக்கிழமை, ஏஐஎஸ்ஸோட ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணி நேரம். அடுத்த வாரம் வட்டி, வாடகை விவரம். ஜூலை முதல் சனிக்கிழமை ஃபைலிங், அன்னைக்கே இ-வெரிஃபிகேஷன். அதுக்கு 30 நாள் டைம் இருக்கு, ஆனா மறந்துடுவீங்க. (என் சொந்த ரிட்டர்னையே ஜூலை கடைசி வாரம் போட்ட வருஷமும் உண்டு. சிரிக்காதீங்க.)

இந்த மூணையும் கேலண்டர்ல நேரத்தோட பிளாக் பண்ணுங்க. லிஸ்ட்ல ஒரே நாளைக்கு இருபது வேலை போட்டாலும் அது வாங்கிக்கும். கேலண்டர்லதான் இடம் இல்லைங்கிறது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, ஜனவரி வாக்குல எச்ஆர் கேட்கிற இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப். அதுக்கான வேலை தேதி டிசம்பர் முதல் சனிக்கிழமை. இப்பவே போட்டுடுங்க.